ஒரே காடு, ஆறு நடை: பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டு வகுப்பு நடத்தும் முறை

வருடத்துக்கு ஒருமுறை அறுபது பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி, காட்டைச் சுற்றிக் காட்டி, மரப்பெயர்களை ஒப்பித்து, மாலைக்குள் திருப்பிக் கொண்டுவந்து விடுவது சுற்றுலா. அதில் தவறில்லை. ஆனால் அதைக் காட்டுக் கல்வி என்று கணக்கில் எழுதிவிடக் கூடாது. முதல் நடையில் பிள்ளைகளின் கவனம் முழுவதும் புது இடத்தின் பரபரப்பிலேயே போய்விடும். 'போன வாரம் இந்தக் கட்டையில் காளான் இருந்ததே, எங்கே காணோம்?' என்ற கேள்வி இரண்டாவது, மூன்றாவது நடையில்தான் வரும். 1993-இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியினர் டென்மார்க்கின் மழலையர் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கிய காட்டுப் பள்ளி முறைக்கும் இதுவே அச்சாணி: அதே பிள்ளைகள், அதே இடம், திரும்பத் திரும்ப.

ஆகவே இங்கே சொல்வது ஆறு வாரத் திட்டம். வாரம் ஒரு நடை, நடைக்கு இரண்டரை மணி நேரம். எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஒரு குழுவில் அதிகம் போனால் 24 பேர்.

இடம் பார்ப்பது

பெரிய காடு வேண்டாம். அரை ஏக்கர் போதும், ஆனால் அந்த அரை ஏக்கருக்குள் வேற்றுமை இருக்க வேண்டும்: வெயில் விழும் ஓரம், அடர்ந்த நிழல், விழுந்து மட்கும் கட்டை ஒன்று, பல ஆண்டுச் சருகு படிந்த தரை. பள்ளியிலிருந்து அரை மணிக்குள் போய்ச் சேர முடியாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள். மூன்றாவது வாரத்திலேயே பயணம் அலுத்து, திட்டம் நின்றுபோகும். நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். சருகு கிளறுவது, கயிறு கட்டுவது, கீழே விழுந்த குச்சியை எடுப்பது மூன்றையும் அதில் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். 'நடந்து பார்க்க அனுமதி' என்று பொதுவாக வாங்கினால் மூன்றாம் வாரம் சருகைத் தொட்டதும் சிக்கல் வரும்.

முன்கூட்டியே இரண்டு முறை போய்ப் பாருங்கள். முதல் முறை இரண்டு வாரம் முன்பு; இரண்டாம் முறை வகுப்புக்கு முந்தைய நாள், வகுப்பு நடக்கப்போகும் அதே நேரத்தில். காலை எட்டு மணிக்கு அமைதியாக இருக்கும் கூட்டில் பதினொரு மணிக்குக் குளவிகள் மொய்க்கலாம்.

பார்க்கும் வரிசை மேலிருந்து கீழ். முதலில் தலைக்கு மேல்: பட்டுப்போன கிளை, முறிந்து வேறொரு கிளையில் தொக்கி நிற்கும் கிளை, அடிமரத்தில் தட்டுத் தட்டாக முளைத்த காளான் (உள்ளே மரம் உளுத்திருக்கக்கூடும் என்பதற்கு அடையாளம்), சாய்ந்த மரத்தின் வேர்ப்பக்கம் மண்ணில் வெடிப்பு. பிறகு கண் மட்டம்: முள், தேன்கூடு, குளவிக்கூடு. கண் மட்டம் என்றால் உங்கள் கண் மட்டம் அல்ல, பிள்ளையுடையது. குனிந்து நடந்து பாருங்கள். கடைசியாகத் தரை: வளை, எறும்புப் புற்று, கண்ணாடித் துண்டு. எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டியதில்லை. தலைக்கு மேல் தொங்கும் கிளை இருந்தால் இடத்தையே மாற்றுங்கள். தடுக்கும் வேரை அப்படியே விடுங்கள், காட்டில் எப்படி நடப்பது என்பதை அதுதான் கற்றுக்கொடுக்கும்.

எல்லையை நிற ரிப்பனால் குறியுங்கள். ஒரு ரிப்பன் பக்கத்தில் நின்றால் அடுத்தது பிள்ளையின் உயரத்திலிருந்து தெரிய வேண்டும். அரை ஏக்கருக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை தேவைப்படும். எத்தனை கட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள். கைப்பேசிச் சமிக்ஞை எந்த இடத்தில் கிடைக்கிறது, ஆம்புலன்ஸ் எதுவரை வர முடியும் என்பதையும் அதே தாளில் குறித்து, பள்ளி அலுவலகத்தில் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.

ஆட்கள்

எட்டு வயதுக்காரர்கள் என்றால் ஐந்து, ஆறு பேருக்கு ஒரு பெரியவர். பத்துக்கு மேல் என்றால் எட்டுப் பேருக்கு ஒருவர். குழு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மூன்று பெரியவர்கள் வேண்டும். அடிபட்ட பிள்ளையோடு ஒருவர் போனாலும் மீதிப் பேரை இருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமே, அதுதான் கணக்கு. ஒருவர் முன்னால், ஒருவர் எல்லோருக்கும் பின்னால். பின்னால் வருபவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அவர் படம் எடுக்க ஆரம்பித்த நொடியில்தான் கடைசிப் பிள்ளை செருப்பு வார் மாட்ட உட்காரும்.

பிள்ளைகளை ஜோடி சேர்த்து எண் கொடுங்கள். வண்டியிலிருந்து இறங்கியதும், எல்லைக்குள் நுழைந்ததும், நடுவில் ஒருமுறை, கிளம்பும் முன் என நான்கு தடவை அவர்களே வரிசையாக எண் சொல்ல வேண்டும். நீங்கள் தலை எண்ணினால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தலை இரண்டாக விழும்.

பையில் இருக்க வேண்டியவை

உடை எளிது: முழுக்கை, முழுக்கால், கால்சட்டை நுனி காலுறைக்குள், மூடிய காலணி, தொப்பி. வாசனைத் திரவியம் பூசி வர வேண்டாம் என்று பெற்றோருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், வெயில் நாளில் ஒன்றரை. பெற்றோர் படிவத்தில் ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு பற்றிக் கேளுங்கள். உறிஞ்சி மருந்தோ (இன்ஹேலர்) கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியோ வைத்திருக்கும் பிள்ளை இருந்தால், அது பொதுப் பையில் அடியில் கிடக்காமல் அந்தப் பிள்ளையின் குழுவோடு போகும் பெரியவரின் கையில் இருக்க வேண்டும்.

24 பேருக்கான பொருள்கள்:

- 4 மீட்டருக்குச் சற்று கூடுதலான நூல்கயிறு 6, முளைக்குச்சி 24
- வெள்ளைத் துணி 18 (தலையணை உறை போதும்)
- பூதக்கண்ணாடி 12, மென்மையான ஓவியத் தூரிகை 12, மூடியுள்ள தெளிவான டப்பா 12
- 5 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடை 6
- தையல் அளவு நாடா 6, வெப்பமானி 4
- 3 × 3 மீட்டர் தார்ப்பாய் 3, 10 மீட்டர் கயிறு 3, 4 மீட்டர் கயிறு 12
- விசில் ஆளுக்கு ஒன்று
- முதலுதவிப் பெட்டி, கூர்முனை இடுக்கி, நீளத் துணிக்கட்டு 3, சோப்பு, கைகழுவத் தனித் தண்ணீர் 10 லிட்டர்

கழிப்பிடத்தை மறந்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அருகில் கட்டடம் இல்லையென்றால், நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 செ.மீ. ஆழக் குழியும் மறைப்புத் துணியும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

வானிலை

மழை பெய்கிறது என்பதற்காக வகுப்பை ரத்து செய்யாதீர்கள். தவளையும் நத்தையும் மண்புழுவும் அன்றுதான் நன்றாகத் தெரியும். ரத்து செய்ய வைப்பவை காற்றும் இடியும். பெரிய கிளைகள் ஆடி, குடை பிடிப்பதே கஷ்டமாக இருந்தால் அது காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபர்ட் அளவுகோலில் 6. மரத்தடியில் ஒருவரும் இருக்கக் கூடாது. இலையுள்ள சிறு மரங்கள் ஆடத் தொடங்கும் 5-ஆம் நிலையிலேயே மூட்டை கட்டிவிடுவது நல்லது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் வண்டிக்கோ கட்டடத்துக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பக் கூடாது.

முதல் இரண்டு நடைகள்

முதல் நாள் மூன்றே வேலை. எல்லை ரிப்பன்களைத் தொட்டபடி முழுச் சுற்று நடப்பது, அழைப்பு ஒலியைப் பழகுவது, ஆளுக்கொரு இருப்பிடம் தேர்ந்தெடுப்பது. அழைப்பு ஒலி கேட்டதும் எல்லோரும் நடு இடத்துக்கு ஓடி வர வேண்டும். இதை விளையாட்டாக ஐந்தாறு முறை செய்து பாருங்கள். நாற்பது நொடிக்குள் எல்லோரும் சேரும்வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

இருப்பிடம் என்பது ஒவ்வொரு பிள்ளையும் ஆறு வாரமும் திரும்ப வந்து தனியாக உட்காரும் இடம். ஒருவருக்கொருவர் பத்தடி இடைவெளி, பெரியவர்களின் கண்ணுக்கெட்டிய தூரம். உட்காரும் முன் குச்சியால் தட்டிப் பார்த்து, தலைக்கு மேல் ஒரு பார்வை பார்க்க வேண்டும். முதல் வாரம் ஐந்து நிமிடம்தான். மூன்றாவது நிமிடத்தில் சிரிப்பும் கல்லெறியும் தொடங்கும், அதட்டாதீர்கள். நீங்களும் ஓரிடத்தில் உட்கார்ந்து எதையாவது உற்றுப் பாருங்கள், அடங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஆறாவது வாரம் பதினைந்து நிமிடம் வரும். இந்தத் திட்டத்தில் நேரமில்லாமல் எதை வெட்டினாலும் வெட்டலாம், இதை வெட்டக் கூடாது.

இரண்டாம் வாரம் காதுக்கும் கைக்கும். ஆளுக்கு ஓர் அட்டை; நடுவில் புள்ளி வைத்தால் அது 'நான்'. கண்ணை மூடிக் கேட்டு, ஒலி வந்த திசையிலும் தூரத்திலும் ஒரு குறி போட வேண்டும். பறவையின் பெயர் தெரிய வேண்டியதில்லை, கோடு மேலேறுகிறதா வளைகிறதா என்று வரைந்தால் போதும். அடுத்து ஜோடி விளையாட்டு: ஒருவரின் கண்ணைக் கட்டி, சுற்றி வளைத்து ஒரு மரத்திடம் அழைத்துப் போக வேண்டும். பட்டையின் சொரசொரப்பு, முண்டு, பாசி படிந்த பக்கம், வேர் கிளம்பும் விதம் எல்லாவற்றையும் அவர் தடவி அறிவார். திரும்பக் கொண்டுவந்து கண்கட்டை அவிழ்த்துவிட்டு, 'உன் மரத்தைக் கண்டுபிடி'. அழைத்துப் போகும் பிள்ளை முன்னால் நின்று இழுத்தால் கண் கட்டியவர் தடுக்கி விழுவார். தோளோடு தோளாக நடக்கச் சொல்லுங்கள். தொட்டால் அரிக்கும் செடிகொடி படர்ந்த மரங்களை முன்பே குறித்து ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாம் நடை: சருகுச் சதுரம்

இந்த வேலைக்கு முழு நடையையும் கொடுக்கலாம். நான்கு பேருக்கு ஒரு சதுரம். 4 மீட்டர் கயிற்றின் இரு முனைகளையும் முடிந்து, நான்கு முளைகளில் இழுத்துக் கட்டினால் ஒரு சதுர மீட்டர். எட்டு வயதுக்காரர்களுக்கு அதுவே பெரிது. கயிற்றை இரண்டாக மடித்து அரை மீட்டர்ச் சதுரம் போடுங்கள். சமதரையில் மெல்லிய சருகுப் படுகையாகத் தேர்ந்தெடுங்கள். பாறையிடுக்கு, கட்டையின் அடி, ஆழமான சருகுக்குவியல் வேண்டாம். பாம்பும் தேளும் விரும்பும் இடங்கள் அவை. தொடங்கும் முன் நீளக் குச்சியால் தரையைத் தட்டி ஒரு நிமிடம் காத்திருங்கள். கிளறுவது எப்போதும் குச்சியால், கையால் அல்ல.

அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி வெள்ளைத் துணியில் பரப்ப வேண்டும். மேலே முழு இலைகள். அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய வலை போன்ற இலைகள், அவற்றைப் பிணைக்கும் வெள்ளைப் பூஞ்சை நூல்கள். அடியில் இலை என்று சொல்லவே முடியாத கறுத்த மட்கு. மூன்று துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். இலை மண்ணாவதை யாரும் விளக்காமலே யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். பெரியவர் முந்திக்கொண்டு சொன்னால் அந்த நடையின் உயிரே போயிற்று.

பிறகு மட்கைச் சல்லடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்து, அசைவதைத் தூரிகை நுனியால் டப்பாவுக்குள் தள்ள வேண்டும். விரலால் எடுத்தால் பாதி நசுங்கும், மீதி கடிக்கும். பெயர் சொல்வதை விடக் காலை எண்ண வையுங்கள். ஆறு கால் என்றால் பூச்சி அல்லது அதன் நெருங்கிய உறவு. எட்டு என்றால் சிலந்தி, உண்ணி, தேள் வகை. அதற்கும் மேல் என்றால் உடல் கணுவைப் பாருங்கள்: பெரும்பாலான கணுக்களில் இரண்டு ஜோடிக் கால் இருந்தால் மரவட்டை, ஒரு ஜோடிதான், உடலும் நீளம் என்றால் பூரான். மரவட்டை மட்கும் இலையைத் தின்னும். பூரான் வேட்டையாடும், கடிக்கும், அதைத் தொட விடாதீர்கள். (பூரானுக்கு நூறு கால் என்று சாதிக்கும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். வளர்ந்த பூரானின் கால் ஜோடிகள் ஒற்றைப்படையாகவே அமையும். நூறு என்றால் ஐம்பது ஜோடி, இரட்டைப்படை. கணக்கு உதைக்கிறது என்று சொல்லி எண்ண விடுங்கள்.)

டப்பாக்களை நிழலில் வையுங்கள். வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் உள்ளே எல்லாம் வெந்துவிடும். முடிந்ததும் முதலில் மட்கு, மேலே நரம்பிலை, கடைசியில் முழு இலை என்று அதே வரிசையில் திருப்பிப் பரப்ப வேண்டும். எல்லோரும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே தின்பண்டம்.

கண்ணுக்கெட்டாதவற்றைப் பார்க்க இரண்டு கைப்பிடி மட்கைப் பையில் எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள். 2 லிட்டர் பிளாஸ்டிக் குப்பியின் மேல் மூன்றிலொரு பாகத்தை வெட்டி, மூடியைக் கழற்றி, கீழ்ப் பாகத்துக்குள் தலைகீழாகச் செருகினால் புனல். கழுத்துப் பகுதியில் 3 முதல் 5 மில்லிமீட்டர் கண் வலை. அதன் மேல் மட்கை அழுத்தாமல் 5 செ.மீ. உயரத்துக்கு இடுங்கள். அடியில் ஈரக் காகிதம், வெளியே கறுப்புத் தாள் சுற்று. மேலே 15 செ.மீ. உயரத்தில் 25 அல்லது 40 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. விளக்கு உதவாது, சூடு வேண்டும். வெப்பமும் வறட்சியும் மேலிருந்து இறங்க இறங்க உயிரினங்கள் ஈரத்தைத் தேடிக் கீழே வந்து விழும். ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் பிடிக்கும். விளக்கை மிக நெருக்கமாக வைத்தால் அவை இறங்குவதற்குள் காய்ந்து சாகும். அடியில் ஒன்றுமே விழவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். வெறும் மண்ணாக விழுந்தால், மட்கைப் போட்ட பிறகு குப்பியை ஆட்டியிருக்கிறார்கள். மறுநாள் பூதக்கண்ணாடி வைத்தால் குண்டூசித் தலையை விடச் சிறிய உண்ணி வகைகளும், வால் விசையால் எகிறும் ஆறுகால் குட்டிகளும் தெரியும். பார்த்து முடித்ததும் அடுத்த வாரம் அதே இடத்தில் கொண்டுபோய் விடுங்கள்.

நான்காம், ஐந்தாம் நடைகள்

மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்க வேண்டும். அடியில் எடுத்தால் வேர்ப்புடைப்பு அளவைக் கெடுக்கும். சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தை அளக்க வேண்டும். 157 செ.மீ. சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் 50 செ.மீ. விட்டம். உயரத்துக்குச் சதுரத் தாளை மூலைவிட்டமாக மடித்தால் வரும் முக்கோணம் போதும். குட்டைப் பக்கம் ஒன்று கிடையாக, இன்னொன்று செங்குத்தாக இருக்கும்படி கண்ணோடு பிடித்து, சாய்ந்த பக்கத்தின் வழியே மர உச்சி தெரியும்வரை பின்னால் நகர வேண்டும். அங்கிருந்து மரம்வரை உள்ள தூரம் கூட்டல் கண் உயரம், இதுவே மரத்தின் உயரம். செங்குத்துப் பக்கத்தில் கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால் தாள் சாய்வது தெரியும். பின்னால் நகரும் பிள்ளையின் முதுகுப்பக்கம் இன்னொரு பிள்ளை நிற்கட்டும், இல்லையேல் வேரில் தடுக்கி மல்லாக்க விழும். குடை போல விரிந்த மரத்துக்கு இந்த முறை அதிகமாகக் காட்டும். நாம் பார்ப்பது உச்சியை அல்ல, நம் பக்கத்துக் கிளையின் விளிம்பை.

நேரமிருந்தால் நான்கு வெப்பமானிகளை வெட்டவெளி மண், நிழல் மண், சருகின் அடி, மட்கிய கட்டை ஆகிய இடங்களில் ஒரே ஆழத்தில், 5 செ.மீ., செருகுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் படிக்க வேண்டும். கட்டாந்தரையில் முதலில் குச்சியால் துளை போடாமல் அழுத்தினால் கண்ணாடி உடையும்.

ஐந்தாம் வாரம் தார்ப்பாய்க் கூரை. இரண்டு மரங்களுக்கு நடுவே பெரியவர் மார்பு உயரத்தில் 10 மீட்டர் கயிறு, அதன் மேல் தார்ப்பாய், நான்கு மூலையிலும் 4 மீட்டர் கயிறு. பட்டை உரியாமலிருக்க மரத்தில் கயிறு சுற்றும் இடத்தில் துணி வையுங்கள். மூன்று குழுவும் தானாகக் கட்டட்டும். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றுங்கள். தொய்வு இருந்தால் நடுவில் குளம் கட்டும். எங்கே இழுக்க வேண்டும் என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். மூலைக் கயிறுகள் ஓடும் பிள்ளையின் கழுத்து மட்டத்துக்கு வரும், ஆகவே ஒவ்வொன்றிலும் நிறத் துணி கட்டுங்கள். கத்தியையும் நெருப்பையும் இந்த ஆறு வாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். அவற்றுக்குத் தனிப் பயிற்சியும், குழுவோடு இதை விட நீண்ட பழக்கமும் வேண்டும்.

பிசகினால்

பிள்ளையைக் காணோம் என்றால்: உடனே எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து எண் சொல்ல விடுங்கள். ஜோடிப் பிள்ளையிடம் கடைசியாக எங்கே பார்த்தாய் என்று கேட்டு, ஒருவர் எல்லையைச் சுற்றிப் போகட்டும். பத்து நிமிடத்தில் கிடைக்கவில்லையென்றால் அவசர உதவிக்கு அழையுங்கள், தயங்காதீர்கள். பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது: வழி தவறினால் நடக்காதே, பக்கத்து மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு, மூன்று முறை விசில் ஊது. 1981-இல் அமெரிக்காவின் சான் டியேகோ பகுதியில் ஒரு சிறுவன் காட்டில் தொலைந்து இறந்த பிறகு உருவான பாடம் இது. நடந்துகொண்டே இருக்கும் பிள்ளையைத் தேடுவதுதான் கடினம்.

பாம்பு கடித்தால்: படுக்க வைத்து, கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்துக் கட்டி அசையாமல் வையுங்கள். மோதிரம், கொலுசு, காலணியைக் கழற்றுங்கள். நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேரே போங்கள். எந்த மருத்துவமனை என்பதை முதல் நடைக்கு முன்பே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

தேனீக் கொட்டு என்றால் கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் சுரண்டியா பிடுங்கியா என்பதை விட வேகம் முக்கியம். முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, வாந்தி வந்தாலோ அது ஒவ்வாமை அதிர்ச்சி. அந்தப் பிள்ளைக்கென்று தந்த அட்ரினலின் ஊசியைப் போட்டு அவசர உதவியை அழையுங்கள்.

உண்ணி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். அட்டை கடித்தால் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளி அதன் வாயை விடுவியுங்கள். உப்புப் போட்டால் அது கக்குவது காயத்துக்குள்தான் போகும். வீட்டில் காதுப் பின்புறம், முடியோரம், அக்குள், இடுப்பு, முழங்கால் பின்புறம் பார்க்கச் சொல்லிப் பெற்றோருக்குத் தகவல் அனுப்புங்கள்.

பயப்படும் பிள்ளையைப் புழுவைத் தொடு என்று கட்டாயப்படுத்தாதீர்கள். குறிப்பெடுக்கும் வேலையைக் கொடுத்தால், பெரும்பாலும் நான்காம் வாரத்துக்குள் தானே தூரிகையைக் கேட்கும்.

ஆறாவது நடையில் நீங்கள் பேசக் கூடாது. இளைய வகுப்பிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளை அழைத்து வந்து, இரண்டு மூத்தவருக்கு ஓர் இளையவர் என்று கொடுத்துவிடுங்கள். எல்லையைக் காட்டுவது, மரம் கண்டுபிடிக்கும் விளையாட்டு, தன் இருப்பிடத்தைப் பகிர்வது எல்லாம் அவர்கள் பாடு. பன்னிரண்டு பேர் கூடுவதால் அன்று கூடுதலாக இரண்டு பெரியவர்கள் வேண்டும், எண் வரிசையும் புதிதாகப் போட வேண்டும். எல்லோரும் வண்டியேறிய பிறகு ஒருவர் திரும்பிப் போய் ரிப்பன்களை அவிழ்க்கட்டும். தாளில் பதினாறு என்று எழுதியிருந்தால் பையில் பதினாறு வர வேண்டும்.